தேசிங்கு மேஸ்திரி வைத்த சிவப்புப் பொட்டு

தேசிங்கு மேஸ்திரி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியின் மேல் நின்று ரேடியோவுக்கு ஏரியல் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் விற்பனை பார்க்கும் சுந்தரம் தெருவில் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து சொன்னார்.

"தேசிங்கு மேஸ்திரி பூட்டாருபா. காலைலதான்."

"கரண்டு அடிச்சா?"

"சேச்சே. மஞ்சக்காமாலை."

முத்தியால்பேட்டையில் பாதி வீடுகளுக்கு வயர் இழுத்தவர், பாயில் படுத்து, மஞ்சள் காமாலையில் போயிருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் இருந்த முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் அக்காவிடம் அவர் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. நாலு வருஷமாக அதற்காக அவர் வாசலில் ஏறி இறங்கினேன். சொல்லாமலே போய்விட்டார்.

அவர் நினைவாக மலர் போடும் வாசகசாலை நண்பர்கள் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். "ரெண்டு பேரும் ஒரே தொழில்ல இருந்தவங்க. நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதிவிடுகிறேன். கூப்பிட்டால் உடனே வருவார். தீபாவளியன்றும் வருவார். ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்க்கமாட்டார். சிரித்த முகம். நாலும் ஆயிற்று. இனிமேல் எழுதப்போவது எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

பிரெஞ்சுக்காரர் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம்தான் நான் ரேடியோக் கடையில் சேர்ந்தேன். செட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஏரியல் கட்டி, நிலையம் பிடித்துக் காட்டிவிட்டு வருவது என் வேலை. அந்தச் சமயம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுச் சைகோனிலிருந்து திரும்பிய சொல்தாக்கள் ஆளுக்கொரு செட்டைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில்தான் மேஸ்திரியின் கைவரிசையை முதலில் பார்த்தேன். சுவிட்சுப் பலகைக்குக் கீழே ஒரு மணைப்பலகை கிடந்தது. காலில் இடறுகிறதே என்று ஓரமாகத் தள்ளினேன். அந்த வீட்டம்மா பதறிப்போனார்.

"அத எடுக்காதீங்க. அதுமேல ஏறி நின்னுதான் லைட்டு போடணும். மழைக்காலத்துல அந்தச் செவுத்தையும் தொடாதீங்க."

"ஏன்?"

"சுர்ருன்னும். கரண்டுன்னா அப்பிடித்தானே இருக்கும்?"

வயர் ஓடும் மரச்சட்டத்தைத் திறந்து பார்த்தேன். கம்பியோடு கம்பியை முறுக்கி, மேலே நாடா சுற்ற வேண்டிய இடத்தில் சினிமா நோட்டீஸைச் சுற்றி வைத்திருந்தார். ஈரச் சுவரில் அந்தக் காகிதம் ஊறிக் கஞ்சியாகியிருந்தது. அதற்குப் பிறகு மணைப்பலகையைப் பார்த்தாலே போதும், அது யார் வயர் இழுத்த வீடு என்று தெரிந்துவிடும். இந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் பலகை மேல் ஏறி நின்று விளக்குப் போட்டன என்பது அவரைப் புகழ்ந்து பேசும் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும்.

நேரில் கேட்டபோது மேஸ்திரி கொஞ்சமும் அசரவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "லைட்டு எரிஞ்சுதா? எரிஞ்சா வேல முடிஞ்சுது தம்பி." என் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "எனக்கு எதுக்கு அது? பொறங்கையே போதும்." கம்பியில் புறங்கையை ஒரு தட்டுத் தட்டி, எதில் கரண்டு வருகிறது என்று சொல்லிவிடுவார். அதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் அந்தப் புறங்கையைக்கூட அவர் தேவைப்பட்ட இடத்தில் வைக்கவில்லை. யாராவது வேடிக்கை பார்த்தால்தான் வைப்பார்.

நான் குறை சொன்னால், எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பாவம், படிக்காத மனுஷன். தெரியாம செஞ்சிருப்பாரு." இந்தப் பதிலை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

இனி அக்கா விஷயம். என் அக்கா செண்பகம் முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறாள். மாமா தையல்காரர். துரைமார்களுக்குக் கோட்டு வெட்டிய கை அவருடையது. அவர்களுக்கு நான் ஒரு சின்ன ரேடியோ செட்டு வாங்கிக் கொடுத்தேன். மலிவான அந்த வகைச் செட்டில் ஒரு சங்கடம் உண்டு. மின்சாரத்தில் வரும் கம்பி ஒன்று, திரும்பிப் போகும் கம்பி ஒன்று. செட்டுக்குள் இருக்கும் தகரக் கூடு இந்த இரண்டில் ஒன்றோடு சேர்ந்தே இருக்கும். போகும் கம்பியோடு சேர்ந்தால் பயமில்லை. வரும் கம்பியோடு சேர்ந்தால் தகரம் முழுவதும் கரண்டு. இங்கே சுவரில் இருப்பதோ பிரெஞ்சுக்காரர் காலத்து இரண்டு ஓட்டை. பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏறும்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். டெஸ்டரால் பார்த்து, சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு, பிளக்கில் அதற்குள் போக வேண்டிய காலில் ஒரு பொட்டு. பொட்டோடு பொட்டு சேர வேண்டும், அவ்வளவுதான். அக்கா வீட்டில் பொட்டு இடது பக்கம் விழுந்தது. "பொம்பளப் புள்ளைக்கு வச்சாப்ல இருக்குடா" என்று சிரித்தாள். அவளும் மாமாவும் ஒரு நாள்கூட மாற்றிச் செருகியதில்லை.

அடுத்த வருஷம், செட்டில் நிலையம் திருப்பும் குமிழ் உடைந்துபோனது. உள்ளே தகரக் கூட்டோடு சேர்ந்திருந்த இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டு நின்றது. வேறு குமிழ் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அது என் தப்பு, மறைக்கவில்லை. அந்த நாட்களில் மாமா தண்டைப் பிடித்துத்தான் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. நான் கடை வேலையாகக் காரைக்கால் போனேன். அன்றே மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரைக்கு ஒரு விளக்கு போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலை மாமா குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து அதே தண்டைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. அக்கா துடைப்பக்கட்டையால் அடித்துத்தான் விடுவித்தாள். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல் கருகி, பிறகு மடங்காமல் நின்றுவிட்டது. அந்தக் கையால் அவர் மறுபடி கத்தரி பிடிக்கவில்லை. இப்போது அக்காதான் ரவிக்கை தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள்.

காரைக்காலிலிருந்து நான் வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள் சாயங்காலம். அடுப்பங்கரை விளக்கைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்காக மெயின் பலகையில் கம்பிகளைக் கழற்றி மாட்டியபோது கூடத்துப் பிளக்குக்குப் போகும் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்க வேண்டும். நேராக மேஸ்திரியிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

"மேஸ்திரி, கம்பிய மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"மாறியிருக்கும். ரெண்டும் ஒரே கறுப்பு. மாறுனா இன்னா?"

"மாமா கை போச்சு."

"உன் செட்டுதானே அடிச்சுது? நான் போட்ட லைட்டு யாரையும் அடிக்கலையே."

"அக்காகிட்ட வந்து இத ஒரு வார்த்த சொல்லுங்க. கம்பிய நான்தான் மாத்துனேன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

சைக்கிள் துடைத்த துணியை உதறினார். "சொன்னா நாளைக்கு எவன் என்ன வேலைக்குக் கூப்புடுவான்? போ தம்பி, உங்க குடும்ப விஷயத்துல என்ன இழுக்காத."

நானே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கதவை முழுசாகத் திறக்கவில்லை. நான் வைத்த பொட்டு சரிதான், மேஸ்திரிதான் கம்பியை மாற்றிவிட்டார் என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

"அந்த மனுஷன் மேலயே போடறியா? உனக்கு வாய் கூசல?"

கதவைச் சாத்திவிட்டாள். அதில் 'மேலயே' என்று அவள் எதற்காக அழுத்தினாள் என்று எனக்குப் புரியவில்லை. நாலு வருஷம் புரியவில்லை. பொங்கலுக்கு நான் கொண்டுபோன வரிசை வாசலிலேயே திரும்பியது. என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. மாமாவின் கையை முடக்கியவன் என்ற பெயரோடுதான் இந்த ஊரில் நடமாடினேன்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. மேஸ்திரி வேலை செய்த வீடுகளில் எல்லாம் பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு முளைக்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்துக் காப்பி அடித்தார். டெஸ்டரும் கிடையாது, புறங்கையும் கிடையாது. எல்லா வீட்டிலும் இடது பக்கம், பிள்ளையார் சுழி மாதிரி. பாதி வீடுகளில் அது தப்பு. செட்டு வைக்கப் போகிற இடமெல்லாம் அவர் வைத்த பொட்டைச் சுரண்டுவதே எனக்கு முதல் வேலை ஆனது. ஒரு தடவை மார்க்கெட்டில் மடக்கிக் கேட்டேன். "அழகா இருக்குன்னு ஜனங்க கேக்கறாங்க தம்பி" என்றார். அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இப்போது எழுதும்போதும் எரிகிறது.

சாவு வீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. நானும் போய் ஓரமாக நின்றேன். எடுக்கும் நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா என்னிடம் வந்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது.

"வீட்டுல மூணு நாளா லைட்டு எரியல. மேஸ்திரியும் பூட்டாரு. வேற யாரக் கூப்புடறது? வந்து பாத்துட்டுப் போ."

அவர் செத்ததால்தான் எனக்கு அந்த வாசல் திறந்தது. மறுநாள் காலையிலேயே போனேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார். மெயின் பலகையில் பியூஸ் போயிருந்தது, ஐந்து நிமிஷ வேலை. முடித்துவிட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பினேன். செட்டு எப்போதோ போய்விட்டது, பிளக் பலகை மட்டும் சுவரில் இருந்தது. அதில் வலது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

நான் வைத்தது இடது பக்கம். கிட்டே போய்ப் பார்த்தேன். இடது பக்கத்துப் பொட்டைக் கத்தியால் சுரண்டியிருந்தது, மரத்தின் கீறலில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். மாறிப்போன கம்பிக்கு இப்போது வலது பக்கம்தான் சரி.

"அக்கா, இந்தப் பொட்ட வச்சது யாரு?"

"யாருன்னா? நீ அனுப்புன ஆளுதான்."

"நான் யாரையும் அனுப்பலையே."

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவரு ஆஸ்பத்திரியில கெடந்தாரே, அடிபட்ட மறுநாளு காலையில மேஸ்திரி வந்தாரு. 'உன் தம்பி பொட்ட மாத்தி வச்சுட்டானாம்மா, சரி பண்ணச் சொல்லி அனுப்புனான்'னாரு. சுரண்டிட்டு இந்தப் பக்கம் வச்சாரு. சாயங்காலம் நீயே வந்து அவரு மேலயே பழி போட்டே. எனக்கு எப்பிடிடா இருக்கும்?"

மாமாதான் கேட்டார். "காரைக்கால்லேருந்து நீ அன்னிக்கு சாயங்காலந்தானே வந்தே?"

"ஆமாம் மாமா."

"அப்போ காலையில எப்பிடி அனுப்பியிருப்பே?" என்றார் மாமா. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் வாசலில் நின்று கெஞ்சியபோது, சைக்கிள் துடைத்த அந்தக் கை காலையிலேயே வேலையை முடித்துவிட்டு வந்திருந்த கை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேஸ்திரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதையும் வாசிப்பேன். தெரியாமல் செய்த மனுஷன் என்று யாராவது எழுதியிருந்தால் அவர்கள் என் வீட்டுக்கு வரட்டும், பலகையைக் காட்டுகிறேன். ஊர் முழுக்க இடது பக்கமே வைத்தவர் அந்த ஒரு வீட்டில் மட்டும் வலது பக்கம் வைத்திருக்கிறார். யாரும் வேடிக்கை பார்க்காத அந்தக் காலை நேரத்தில், புறங்கையை வைத்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.