எரிந்த கட்சியின் தாளக்காரன்

மாசி மாதம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம் இரண்டாகிவிடும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் காமன் எரிந்துபோனான் என்பது மேட்டு வரிசை வீடுகளான மேல் லயத்தின் கட்சி. எரியவே இல்லை என்பது கீழ் லயம். காமன் கூத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இரு பக்கமும் பாட்டிலேயே கேள்வி கேட்டு, பாட்டிலேயே பதில் சொல்லும். யாரும் யோசித்துக் கட்சி சேர்ந்ததில்லை. எந்த லயத்தில் வீடு கிடைத்ததோ அதுதான் கட்சி. நான் மேல் லயத்தில் பிறந்தேன். ஆகவே காமன் எரிந்தான்.

எங்கள் பக்கம் என் அண்ணன் பாடுவார். நான் கைத்தாளம் போடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிற நான், தாளத்தைக் கையில் எடுத்துவிட்டால் கூட்டத்தில் ஒருவன்.

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் வம்பு வந்தது. மனைவி கீழ் லயத்துப் பெண். அதிலும் அந்தப் பக்கம் பாடுகிறவரின் மகள். ஒரு நாள் அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டாள்:

"காமன் எரிஞ்சுட்டான்னா, ஒங்க லயத்துல வருஷத்துக்கு ஏழு தொட்டில் எப்படிங்க கட்டுறாங்க?"

எங்கள் பழைய பதிலைச் சொன்னேன்: காமனுடைய சாம்பல் காற்றில் பறந்து எல்லார் மேலும் விழுந்தது, அதனால்தான் ஆசை.

"தெனம் சாம்பல்லதான் கெடக்கேன். கண்ணுதானே எரியுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அடுத்த ஒத்திகையில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அண்ணே, அந்தச் சாம்பல் பதில் நிக்காது. மாத்திருவோம்."

"மாமனார் சொல்லி அனுப்புனாராடா?" என்றார் அண்ணன்.

"பொண்ணோட கட்சியையும் சேத்துல்ல எடுத்துட்டாரு!" என்றான் தப்படிக்கிறவன்.

அண்ணன் தாளத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனால், "எரியாதவரு வாராரு, வழிவிடுங்க!" என்றார்கள். காமன் எரிந்தான் என்றுதான் நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம் பாட்டில் ஓட்டை என்று நம்மில் ஒருவன் சொன்னால், அவன் நம் ஆள் இல்லாமல் போவானா?

ஞாயிற்றுக்கிழமை யாரோடும் சேராமல் ஒரு மரத்தடியில் நின்றேன். மாமனார் எடுத்த எடுப்பிலேயே தொட்டில் கேள்வியைப் போட்டார். அண்ணன் சாம்பலைப் பாடினார்.

"அப்ப அடுப்படியிலயே புள்ள பொறக்குமா பெரிய மாப்பிள்ள?" என்றார் மாமனார். எங்கள் லயத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். பிறகு பாட்டை விட்டுப் பேச்சில் இறங்கினார். "இதுக்கு எங்ககிட்ட பதில் இல்லைங்க. எங்க தாளக்காரன் அப்பவே சொன்னான். நாங்கதான் அவனத் தொரத்திவிட்டோம்."

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு வெற்றிப் பாட்டுக்குக் குரல் எடுத்தார். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து என் மனைவி கத்தினாள்:

"எரியலைன்னா ரதி ஏம்ப்பா அழுதா? அத மொதல்ல சொல்லுங்க!"

சின்ன வயதிலிருந்தே கேட்க நினைத்த கேள்வியாம்.

"அத வீட்டுல வச்சுக் கேளு!" என்றார் மாமனார். அன்று சிரித்த சிரிப்பில் யார் எந்த லயம் என்று பிரிக்க முடியவில்லை.

அண்ணன் தாளத்தை நீட்டினார். அது கை மாறிக் கை மாறி, கீழ் லயத்துக் கைகள் வழியாகவும், மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முதல் தட்டையே தப்பாகப் போட்டேன்.