பவளத்துக்குப் பல் துலக்கிய நாட்கள்

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், செய்முறை வகுப்புக்கு உதவும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்றால், செத்ததைக் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்தால் போதும். எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஒரு கல்லூரியில் நான் அந்த வேலையில் இருந்தபோது, உயிரோடு இருக்கிற ஒன்றைக் காப்பாற்ற வேண்டி வந்தது. தொட்டி வைத்துப் பாசியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பச்சைத் தாடி

கடற்கரை ஊரான மண்டபத்துக்குச் சுற்றுலா போன மாணவர்கள் தேங்காய் மூடி அளவில் உயிருள்ள பவளம் ஒன்று கொண்டுவந்தார்கள். கடல்நீர்த் தொட்டியில், இரண்டு சின்ன மீன்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் மாதம் தேன் நிறத்தில் பளபளத்தது. அடுத்த மாதம் முடி முடியாகப் பச்சைப் பாசி ஏறி அதை மூடிவிட்டது.

துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். “இம்மாசம் பாருங்கம்மா. தேறலைன்னா பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு, வெறும் ஓடா மியூசியத்துல வச்சிருவோம்.”

மூன்று வேளைச் சாப்பாடு

தொட்டி மேற்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. சாயங்கால வெயில் நேராக அடித்துப் பாசியை வளர்த்தது. முதலில் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். அப்போதுதான் சரளைக்கு அடியில் அழுகிய மீன் தீனி கண்ணில் பட்டது. மிஞ்சிய தீனி பாசிக்கு உரம். காலையில் ஒரு சிட்டிகை போடுவது நான்தான். மீதியைப் போட்டது யார்?

அட்டெண்டர் சூசை அண்ணனிடம் கேட்டேன். இருபது வருஷமாகச் செத்த உயிர்கள் மிதக்கும் ஜாடிகளைத் துடைத்தவர். அந்த அறையில் அசைகிற ஜீவனை அவரும் அப்போதுதான் பார்க்கிறார். தலையைக் குனிந்துகொண்டார்.

“மீனுங்க வாயத் தொறந்து தொறந்து பாக்குதுங்க டீச்சர். மத்தியானம் இம்புட்டு, சாயங்காலம் இம்புட்டு, அம்புட்டுதான் போட்டேன்.”

பஸ்ஸில் கடல்

தொட்டியின் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. மண்டபத்திலிருந்து வரும் மீன் லாரிக்காரர் இரண்டு கேன் கடல்நீரும், பாசி தின்னும் நத்தைகள் நாலும் கொண்டுவந்து மார்க்கெட்டில் இறக்கினார். நத்தை டப்பாவை மடியில் வைத்து, கேன்களைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூடியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கடல் தண்ணியா? ஏன்க்கா, மருதையில உப்பா கிடைக்கல?”

தேறிய பாதி

என் வீடு இருந்த திருநகரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்தேன். பவளத்தைக் கடல்நீர் ஊற்றிய பேசினில் வைத்து, இடுக்கியால் பாசியைப் பிடுங்கி, குழந்தைகளுக்கான பிரஷ்ஷால் ஓரங்களைத் தேய்ப்பேன். சூசை அண்ணன் கேட்காமலே பேசினைப் பிடித்துக்கொள்வார். பாசி போனதும் ஒரு பாதி வெறும் வெள்ளை ஓடாகத் தெரிந்தது. அந்தப் பாதி செத்துப்போயிருந்தது.

நாலாவது வாரம், மேகம் கவிந்த ஒரு சாயங்காலம், மீதிப் பாதியில் ஊசிமுனை போல ஏதோ அசைந்தது. இறால் சாறு ஒரு சொட்டு விட்டேன். பவளத்துக்குள் வாழும் குட்டி உயிர்களின் கைகள் வரிசையாக விரிந்தன. சூசை அண்ணன் ஓடிப்போய்த் துறைத்தலைவரை அழைத்து வந்தார். அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. டெமான்ஸ்ட்ரேட்டருக்கு வகுப்பு தராத காலம் அது.

“நாளைக்கு பி.எஸ்ஸி. வகுப்புக்கு இதை நீங்களே நடத்துங்கம்மா. நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிறேன்” என்றார்.

பவளம் பாதிதானே பிழைத்தது என்று யாராவது சொல்ல வந்தால், எந்தப் பாதியைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.