நடந்து வரும் சூடு

நிறுத்தப் பலகையை வலது கையில் தூக்கிப் பிடித்து, இடது உள்ளங்கையை ஒரு குப்பை லாரிக்கு எதிரே நீட்டியபடி பெர்னடீன் சாலையின் நடுவில் நிற்கிறார். லாரி நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தாண்டுகிறார்கள். "ஓடாதே, நட. விழுந்தா நான்தான் தூக்கணும்" என்கிறார், முகத்தைத் திருப்பாமலே. அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை ஊரான பஃபலோவில் இந்த ஒரு பள்ளி முனையில் நின்றே தலை நரைத்தவர். ஏரியிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் இமை மயிர் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மூக்கைத் துடைக்கக்கூடக் கையை இறக்க மாட்டார்.

அந்த உள்ளங்கை வீட்டுக்கும் கூடவே வரும். கதவைத் தட்டும் விற்பனையாளரை, பக்கத்து வீட்டு நாயை, எல்லாரையும் அப்படித்தான் நிறுத்துவார். தொலைபேசியில் மகள் கொரின் பேசினாலும் கையைத்தான் காட்டுவார். அவள் தென் கரோலினாவில் இருப்பது அந்தக் கைக்குத் தெரியாது.

வெளியே எந்தக் குளிரையும் தாங்குபவருக்கு வீடு மட்டும் சூடாக இருக்க வேண்டும். வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு, சமையலறைத் தரையில் பதித்த இரும்புச் சல்லடையின் மேல் ஏறி நிற்பார். கீழே நிலவறையில் எரிவாயு உலை குபுக்கென்று பற்றும். சல்லடை வழியே சுடுகாற்று சீறி வந்து பாவாடையைக் குடைபோல விரிக்கும். அந்த உலையைப் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டவர் கணவர் நார்பர்ட். அவர் போன வசந்தத்தில் இறந்துவிட்டார். அதன் பிறகு இரவில் உலை பற்றும் சத்தம், வீட்டில் இன்னொருவர் எழுந்து நடமாடுவதுபோல இருந்தது என்கிறார் பெர்னடீன்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நச்சுப்புகைக்கான எச்சரிக்கை மணி அலறியது. எரிவாயு நிறுவனத்து ஆள் வந்து பார்த்தார். உலையின் உள்தகடு விரிசல் விட்டு, புகை வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மூடி, உலையில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார். சேதி கொரினுக்குப் போயிற்று.

"போதும்மா. வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடு. இங்க பனியே கெடையாது."

"பனி இல்லாத ஊர்ல நான் என்னத்தைப் பண்ண?"

"சரி, இந்த ஒரு குளிர்காலம் பாப்போம். ஜனவரில நானே வந்து தங்கறேன். வீடு குளுந்துச்சுன்னா நீ கெளம்பற. மறு பேச்சு கெடையாது."

அன்று பெர்னடீனின் கை எழவில்லை. சரி என்றார்.

இன்னொரு எரிவாயு உலையே போதும் என்றது தெரு. ஆனால் மணி அலறியதிலிருந்து, நெருப்புக்கு மேலே படுத்துத் தூங்க அவருக்கு மனம் வரவில்லை. மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறதாம், பொருத்துவதற்கு ஆள் இருக்கிறதாம் என்று விசாரித்ததில் வந்து சேர்ந்தவன் டெரல். வாசலில் நின்ற நாற்பது வயது ஆளைப் பார்த்ததுமே கேட்டார்:

"நீ அந்த ஓட்டக்காரன்ல? ரெண்டாங்கிளாஸ்ல நான்தான் ரோட்டத் தாண்டிவிடுவேன். தொப்பியே போட மாட்டியே."

"இப்பப் போடறேன் மிஸ் பெர்னடீன். முடி போயிருச்சு."

வீட்டின் பக்கவாட்டில், பனி மூடாத உயரத்தில் தாங்கி அடித்து வைக்கப்போகும் பெட்டியைப் பற்றி அவன் விளக்கினான். "வெளிக்காத்துல சூடு இருக்கு. எம்புட்டுக் குளிர்லயும் கொஞ்சம் இருக்கும். அதை உறிஞ்சி, இதே சல்லடை வழியா உள்ள தள்ளும்."

"கண்ணு, வெளியில நிக்கறவ நானு. அங்க சூடே கெடையாது."

"இருக்கு. உங்களுக்குத் தரல, அவ்வளவுதான்."

பழைய உலையைத் துண்டு துண்டாக நிலவறைப் படிகளில் ஏற்றினார்கள். பெர்னடீன் மேல்படியில் கடமைக்கு நிற்பதுபோல நின்று, ஒவ்வொரு துண்டையும் தொட்டு, "நல்லா உழைச்சடா" என்று சொல்லி அனுப்பினார். வேலையாட்களுக்கு வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்கிய பியரோகி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. தட்டு காலியாகக் காலியாக நிரப்பினார்.

முதல் கடுங்குளிர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. படுக்கப் போகுமுன், நார்பர்ட் பழக்கிய சிக்கனப்படி, சுவரில் இருக்கும் விசையில் சூட்டை நன்றாகக் குறைத்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்: இரவில் குறைப்பது, விடிந்ததும் ஏற்றுவது. விடிந்ததும் ஏற்றிவிட்டுச் சல்லடைமேல் நின்றார். காற்று சீறவில்லை. யாரோ வாயால் ஊதுவதுபோல இளஞ்சூடாக வந்தது. பாவாடை அசையவே இல்லை. மதியம்வரை கோட்டைக் கழற்ற முடியவில்லை. கொரின் அழைத்தபோது, காதை மூடிய தொப்பியோடு, "கதகதன்னு இருக்குடி" என்றார். பேசி முடித்ததும் அறை அறையாகப் போய்ப் பார்த்தார், விட்டுப் போகிறவர்கள் பார்ப்பதுபோல.

டெரல் வந்தான். எந்திரத்தைத் தொடக்கூட இல்லை. சுவரில் இருந்த விசையைப் பார்த்தான்.

"ராத்திரி கொறைச்சீங்களா?"

"எல்லாரும்தான் கொறைப்பாங்க."

"உலைக்கு அது சரி. காலைல ஓடிப் புடிச்சிரும். இது ஓடாது மிஸ் பெர்னடீன், நடக்கும். ராவும் பகலும் நடந்துக்கிட்டே இருக்கும். நீங்க கையக் காட்டி நிறுத்தாம இருந்தாப் போதும்."

பெர்னடீன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் நடன்னு சொன்னப்ப நீ கேட்டியா?"

"கேக்கல. முட்டியில தழும்பு இன்னும் இருக்கு."

அவன் கிளம்பும்போது பெர்னடீனும் கூடவே வெளியே வந்தார். வேன் பின்னோக்கிச் சாலையில் இறங்கும்வரை, வீட்டுச் செருப்போடு நடுத்தெருவில் நின்று, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திக் கொடுத்தார்.

பிறகு பெர்னடீன் அந்த விசையைத் தொடவில்லை. இப்போது மூலை அறைகூடச் சூடாக இருக்கிறது. இரவில்தான் சத்தமே இல்லை. "ஆள் இருக்கறதே தெரியல" என்கிறார். குனிந்து சல்லடைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆனா இருக்கான்" என்கிறார்.

சொன்னபடி ஜனவரியில் கொரின் வந்தாள், மலையேறப் போகிறவள்போல இரண்டு ஸ்வெட்டரும் முழங்கால்வரை கம்பளிக் காலுறையும் மாட்டிக்கொண்டு. "பாக்கலாம்மா" என்று சோபாவில் படுத்தாள். வெளியே இரவெல்லாம் ஏரிக்காற்று சுவரை அறைந்தது.

காலையில் பிள்ளைகளைத் தாண்டவிட்டுப் பெர்னடீன் திரும்பியபோது அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை தரையில் கிடந்தது. ஸ்வெட்டர்கள் நாற்காலியில். காலுறைகள் தூக்கத்திலேயே கழற்றி எறியப்பட்டு, திசைக்கொன்றாகக் கிடந்தன. வெறும் பாதங்கள் சோபாவின் கைமேல் நீண்டிருந்தன.

பெர்னடீன் குனிந்து இரண்டு காலுறைகளையும் பொறுக்கினார். ஒன்றுக்குள் ஒன்றைச் சுருட்டி, மகளின் பயணப்பெட்டியில் வைத்து, சத்தம் வராமல் ஸிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.