சித்தி பேசிய பிரெஞ்சு

சித்தி பிரெஞ்சு படித்தது காதால். புத்தகம் கிடையாது. பாரிசில் ஓட்டல் வேலைக்குப் போன சித்தப்பா, ஒரு போனில் பாடங்களை ஏற்றி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினார். கேட்டு முடித்தால் கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஐந்தாவது படிக்கிற வயது.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தறி. சித்தி தறி ஓட்டிக்கொண்டே கேட்பாள். பாடத்தில் ஒரு ஆள் இங்கிலீசில் சொல்வார். ஒரு பெண் அதைப் பிரெஞ்சில் சொல்வாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில் நாம் சொல்ல வேண்டும். சித்திக்கு இங்கிலீசே அரைகுறை. ஆனாலும் விட்ட இடத்தில் டக்கென்று சொல்லிவிடுவாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்வாள்.

அப்பாவுக்குப் பெருமை. தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"எங்களுக்கு வீட்டுக்குத் தெலுங்கு, வாசலுக்குத் தமிழு. மூணாவது பாசை வராமப் போயிருமா?"

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. தறி நின்றால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு நம்பரிலிருந்து போன். சித்தி எடுத்தாள். ஒரு பெண் பிரெஞ்சில் பேசினாள்.

"ஸ்பீக்கர்ல போடுத்தா, நாங்களும் கேக்குறோம்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

போட்டாள். எல்லோரும் சுற்றி நின்றோம். அந்தப் பெண் வேகமாகப் பேசினாள். நடுவில் சித்தப்பா பெயர் வந்தது. அது மட்டும்தான் எங்களுக்கு விளங்கியது. அவள் நிறுத்தினாள். சித்தி உடனே பதில் சொன்னாள். அவள் மறுபடி ஏதோ கேட்டு நிறுத்தினாள். சித்தி மறுபடி சொன்னாள். பாடத்தில் வருகிற பெண் போலவே இருந்தது. எனக்குப் புல்லரித்தது. கடைசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

"வெள்ளக்காரிய வாயடைக்க வச்சுட்டாளே" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். "யாருத்தா அது?"

"அவுக வேல பாக்குற ஓட்டல் முதலாளியம்மா" என்றாள் சித்தி. "எப்பிடி இருக்கனு கேட்டாக."

"அப்பச் சீக்கிரம் பிளேன் ஏறிருவ."

சித்தி முகம் கொஞ்சம் சிவந்தது. வெட்கம் என்று நினைத்தேன்.

பொழுது சாயும்போது இன்னொரு போன் வந்தது. சித்தப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த பக்கத்து ஊர் பந்தல்குடிக்காரர். அப்பா எடுத்தார். அவரும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, காலைல அவருக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். மூச்சுக்கு மாஸ்க்கு மாட்டியிருந்தாக. பேச முடியல. நர்சம்மா மதினிக்குப் போன் போட்டு, 'காதுல வைக்கிறேன், ரெண்டு வார்த்த பேசுங்க'ன்னு சொல்லியிருக்காக."

அப்பா சித்தியைப் பார்த்தார்.

"மதினி, 'நான் நல்லா இருக்கேன், நன்றி, நல்ல பொழுதா இருக்கட்டும்'னு சொன்னாகளாம். நர்சம்மா எங்கிட்டக் கேக்குறாக, புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டையான்னு."

"இப்ப எப்பிடி இருக்கான்?"

"ஆளு முடிஞ்சுருச்சுண்ணே."

அம்மா சித்தியின் கையைப் பிடித்தாள். சித்தி அழவில்லை. "அந்தம்மா நிறுத்துனாகள்ல, அதான் சொன்னேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். சித்தியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சித்தப்பா பெட்டியில் வந்தார். காரியம் முடிந்தது. சித்தி தறிக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் காதில் மறுபடி அந்தப் பாடம்.

தெரு விடவில்லை. "புருசன் போயும் பாரிசு ஆச போகலையே" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கோபம்கூட வந்தது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. இப்போது சித்தி வாய் திறப்பதில்லை. இடைவெளி வரும், போகும். பேசாமல் தறியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சில இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, பாடத்துப் பெண் சொல்வதையே மறுபடி கேட்பாள். எல்லாம் முடிந்ததும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பாள். படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டது போல என்று நினைத்தேன்.

ஒரு முறை பக்கத்தில் போய் இயர்போனில் ஒன்றை எடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். சித்தி தள்ளவில்லை.

"என்ன சித்தி தேடுற?"

"அந்த நர்சம்மா சொன்னது இதுல எங்கயாச்சும் வருதான்னு."

எனக்கு அது விளங்கவில்லை. நர்சம்மா சொன்னதைத்தான் பந்தல்குடிக்காரர் தமிழிலேயே சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். சித்தியோடு கடைசிப் பாடம் வரைக்கும் கேட்டேன். அதில் இரண்டு பேர் ரயிலுக்கு டிக்கெட் வாங்கினார்கள். காப்பி குடித்தார்கள். நல்ல பொழுதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள்.

சித்தி முதல் பாடத்தைப் போட்டாள்.