கால்வாய் முடிச்சும் சாம்பல்தீவுக் களப்பும்

மார்ச் மாதத்தில் இரண்டு கிழமை லீவு போட்டுத் திருகோணமலைக்குப் போனதற்கு ஒரே காரணம், என் மனைவியின் தம்பி அன்ரன் வாங்கிய புதுப் படகு. கடல் கொந்தளிக்கும் வாடைக் காலம் முழுக்கக் கரையில் குந்தியிருந்தவன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்த பிறகுதான் கடலுக்குக் கொண்டுபோவேன் என்று நின்றான்.

நகரத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் அன்ரன் இருக்கும் சாம்பல்தீவு ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். இருபது நிமிடம் போதும். ஓட்டோவென்றால் பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். நான் பேசாமல் ஏறி எவ்வளவு கொடுத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். மனைவியும் இதைப் படிக்கிறாள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். அங்கே இருநூறு வருடப் பழைய கால்வாய் ஒன்றில், நரோபோட் என்கிற ஒடுக்கமான வீட்டுப் படகொன்றை நண்பரோடு பங்குக்கு வைத்திருக்கிறேன். முன்னுக்கு ஒரு கயிறு, பின்னுக்கு ஒரு கயிறு, இரண்டையும் கரையோடு இழுத்து இறுக்கினால் படகு அசையாது. பத்து வருடமாகக் கட்டிப் பழகிய கை இது. அதனால் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அன்ரன் படகைக் களப்பு என்கிற கடலேரியின் கரைக்குக் கொண்டுவந்ததும், கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கயிறு காணாது போலக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் விடவேணும் என்று அவன் மெல்லச் சொன்னான். தளர விட்டால் ஆடும் என்று அவனுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். அக்காவின் புருஷனோடு அதற்கு மேல் வாதாட அவனுக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் படம்கூட எடுத்தேன். கடதாசிப் பூ கட்டிய படகு அவ்வளவு அழகு. குளித்து உடுத்திக்கொண்டு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தால், கரை முழுக்க ஆட்கள்.

கால்வாய்த் தண்ணீர் அடைத்து வைத்த தண்ணீர். களப்போ, மாரி மழைக்குப் பிறகு வாய் திறந்து கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு முழம் வற்றியதில் படகு என் இரண்டு கயிற்றிலும் தொங்கியபடி சரிந்து கிடந்தது. பூவெல்லாம் சேற்றில். பாரத்தில் இறுகிய முடிச்சுக்குள் நகம்கூடப் போகவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. கத்தியை எடுத்தேன். அன்ரன் கையைப் பிடித்தான்.

“வேண்டாம் அத்தான். கடலுக்குப் போக முதல் இதின்ர கயித்த வெட்டக் கூடாது.”

பத்து மணிக்குச் சுவாமியார் வந்தார். உடனே நகரத்தில் ஒரு கலியாணப் பூசைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த கிழமையும் வர ஏலாது என்றார். தண்ணீர் பெருகப் பின்னேரமாகும் என்று சொன்ன அன்ரனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுவாமியார் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

“ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை நடந்தே வாறது? தூக்கிக்கொண்டுதானே வாறனிங்கள். தூக்குங்கோ.”

வெள்ளை வேட்டிகள் தொடைக்கு ஏறின. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் திருநீற்றோடு இறங்கினார்கள். படகை உயர்த்தக் கயிறு தளர்ந்தது. என் முடிச்சை நானே அவிழ்த்தேன். சத்தமும் சிரிப்புமாகப் படகைத் தூக்கிப் போய், முழங்கால் தண்ணீரில் வைத்து மந்திரித்தோம். தீர்த்தமும் சேறும் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தன. அப்படியொரு சந்தோஷமான காலையை நான் கண்டதில்லை.

போகிறவர்களுக்கு: கடல் அடங்கும் மார்ச் கடைசி நல்லது. களப்புக் கரைக்கு நல்ல உடுப்போடு போகாதீர்கள். படகு கட்டினால் கயிற்றைத் தாராளமாக விடுங்கள்; எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை அன்ரன் கூடை நிறைய மீனோடு கரைக்கு வந்தான். வரவேற்கப் போன என் கையில் கயிற்றைத் தந்தான்.

“இந்தாங்கோ அத்தான், கட்டுங்கோ.”

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நான் எப்படிக் கட்டுகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.