கடைமடைக்குப் போன கல்யாணம்

ஜெபராணியின் பெயரை அக்கம்மாள் முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடு சேர்த்துத்தான். சுருளிப்பட்டியில் பேரனுக்குக் காது குத்தி முடித்த கையோடு, அவளுடைய சித்தி மகள் மொக்கம்மாள் ஓடைப்பட்டிக்கு வந்திருந்தாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஜெபராணின்னு ஒருத்தியக் கூட்டியாந்தாக. வந்ததும் வராததுமா ஃபேனை நிறுத்துங்கிறா. ஜிகினாத் தோரணத்தை அவுத்துப் போடுங்கிறா. மாமன் மடியில பிள்ளை காலை உதைக்குது, அதையும் புடிங்கிறா. வீடியோ எடுக்க வந்தவளா, வீட்டைக் காலி பண்ண வந்தவளான்னு கேட்டேன்."

"எதுக்காம் அதெல்லாம்?"

"ஆடுறதெல்லாம் கனமாம். கம்பிக்குள்ள போக மாட்டேங்குதாம்."

அக்கம்மாள் சிரித்துவிட்டாள். ஆனால் மொக்கம்மாள் எழுந்து போகும்போது சொன்னதில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "என்ன பேசு பேசினாலும், துபாயில இருக்கிற எம்மகன் அங்கன உக்காந்துக்கிட்டு இங்கன பிள்ளை அழுததைப் பாத்துட்டான் அக்கா. சிடியில இல்ல. அழுத கையோட."

அந்த ராத்திரி அக்கம்மாளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தபோது மகள் பூமாரி கைக்குழந்தை. அக்காளையும் பிள்ளையையும் தூக்கி நிறுத்தியவன் தம்பி முத்துவீரன். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தான், லாரி ஓட்டினான், கடைசியில் மஸ்கட்டுக்குக் கிரேன் ஓட்டப் போனான். பூமாரிக்குக் கல்யாணம் கூடிவந்த நேரம் பார்த்து, முதலாளி மாறிய சிக்கலில் பாஸ்போர்ட் எங்கேயோ மாட்டிக்கொண்டது. "என் கண்ணு பாக்காம அவ கழுத்துல தாலி ஏறக் கூடாதுக்கா," என்று போனில் அழுதிருந்தான். முகூர்த்தமோ குறித்தாகிவிட்டது. தாய்மாமனை அழவைத்துக் கட்டுகிற தாலி நிலைக்குமா என்ற பயம் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஜெபராணியைத் தேடி அவள் சின்னமனூருக்குப் போனாள். கடைத்தெருவில் ஒரு மாடி, அதில் நாலு கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டர். ஜெபராணி ராயப்பன்பட்டிக்காரி, முப்பதை ஒட்டிய வயது. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். கழுத்தில் வயர் மாலையாகத் தொங்கியது. தன்னுடைய லேப்டாப்பைக் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் தம்ளர்களின் மேல் உட்காரவைத்திருந்தாள். அடியில் காற்றோடினால்தான் அது கோபப்படாதாம்.

"வீடியோக்காரப் பொண்ணு நீதானா தாயி?"

"எடுக்கிறதுக்கு ஆயிரம் பேரு இருக்காக பெரியம்மா. நான் அனுப்புறவ."

வீடியோக்காரி என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். மற்றபடி வாய் ஓயாது. அவளுடைய அப்பா சேவியர் ஊர் வயல்களுக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய மனிதர். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை மடையாகத் திறந்து அடைத்தே காலம் தள்ளியவர். மகள் பேச்சில் அந்த வாய்க்கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"படம் முழுசாப் போகாது. அதைச் சுருக்கி, துண்டு துண்டா நறுக்கி அனுப்புறேன். அமெரிக்காவுல ஒரு பெரிய பொட்டி அதை வாங்கி வச்சுக்கிடும். உங்க தம்பி கேட்டா அவருக்குப் பாய்ச்சும், மொக்கம்மாக்கா மகன் கேட்டா அவருக்கும் பாய்ச்சும். எத்தனை வயலு கேட்டாலும் அது பாத்துக்கிடும். இங்கன இருந்து அங்கன ஏத்துறதுதான் என் பாடு."

"கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மஸ்கட்டுக்கு அமெரிக்காவைச் சுத்தியா போகணும்?"

"தேரு நேராப் போனா தேரா பெரியம்மா? நாலு வீதி சுத்தணுமுல்ல!"

அசையாமல் இருப்பதை ஒரு தடவை அனுப்பினால் போதும். அசைவதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்றாள். அதனால்தான் ஃபேன் ஆகாது, ஜிகினா ஆகாது. எல்லாவற்றிலும் பெரிய எதிரி அட்சதை. "அரிசி மழையா விழுந்தா படம் சதுரம் சதுரமா ஒடஞ்சிரும். தாலி கட்டுற எடத்துல மஞ்சக் கட்டமாத்தான் தெரியும். முடிச்சு விழுற வரைக்கும் கையை மூடியே வச்சிருக்கணும்." முகூர்த்த நாளில் அவள் சென்டரையே பூட்டிவிடுவாள். எவனாவது உட்கார்ந்து பாட்டு இறக்கினால் கல்யாணத்துக்கு லைன் பத்தாது.

ஆவணி வெள்ளிக்கிழமை, சின்னமனூர் மண்டபம். இரண்டு மொட்டைமாடி தாண்டித் தன் கடையிலிருந்து கம்பியை இழுத்து வந்திருந்தாள் ஜெபராணி. கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரி, தம்ளர்மேல் லேப்டாப், மணவறைக்கு நேரே காமிரா. "வா ராசா, நிக்காம வா," என்று லைனைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் அன்று விடுமுறை. முத்துவீரனின் அறையில் கூட்டாளிகளெல்லாம் குளித்து, நெற்றியில் இட்டு, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் கூடியிருந்தார்கள்.

ஜெபராணி ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள்: நடுவில் தம்பிக்குப் போன் போடாதீக. அக்கம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. படம் போவது அந்தப் பெண்ணின் பாடு. மேளச் சத்தமாவது கூடப்பிறந்தவள் கையால் போகட்டும் என்று தம்பிக்கு அடித்தாள். ஊரார் அவன் குரலைக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை விஜயகுமார் தாலியைக் கையில் எடுத்தான். கெட்டிமேளம் முழங்கியது. அந்த நொடியில் போன் அலறியது: "நிறுத்துங்க! நிறுத்துங்க! கட்டாதீக!"

நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. மாப்பிள்ளையின் அப்பா நல்லகண்ணு எழுந்துவிட்டார். "தாய்மாமன் நிறுத்துன்னா நிறுத்தினதுதான். என்ன குறை கண்டாக எங்ககிட்ட? மாலை மாத்தின பெறகா சொல்றது?" மாப்பிள்ளை தாலியைத் தட்டில் வைத்துவிட்டான். பூமாரி தலை நிமிரவில்லை; மாலை மட்டும் நடுங்கியது. அக்கம்மாள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நாமே கூப்பிட்டு நாமே கெடுத்தோமே!

ஜெபராணி வந்து போனை வாங்கினாள். "மாமா, உங்க படத்துல இப்ப என்ன நடக்குது?"

"பூமாரி இப்பத்தான் மணவறைக்கு நடந்து வர்றா. அதுக்குள்ள கெட்டிமேளமா? நான் பாக்காமயே கட்டப் பாத்தீகளா?" குரல் உடைந்தது.

மண்டபமே பூமாரியைப் பார்த்தது. அவள் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தாள். கடலுக்கு அப்பால் இன்னொரு பூமாரி இன்னும் நடந்துகொண்டிருந்தாள். அக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தான் பெற்ற ஒரு பிள்ளை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில், இரண்டு கோலத்தில்!

ஜெபராணி நல்லகண்ணுவிடம் திரும்பினாள். "பெரியப்பா, தலைமடையில தொறந்த தண்ணி கடைமடைக்கு அப்பவே வந்துருமா?"

"எப்படி வரும்? வர்றப்பத்தான் வரும்."

"மாமன் கடைமடையில நிக்கிறாக. போன்ல குரலு பறந்து போயிருச்சு. படம் இன்னும் வாய்க்கால்ல போய்க்கிட்டிருக்கு. அவரு உங்களைத் தடுக்கல. நமக்குப் பின்னால வந்துக்கிட்டிருக்காரு."

நல்லகண்ணுவின் வயல் வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீருக்காக வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்தே நரைத்தவர். அவளை உற்றுப் பார்த்தார். "நீ சேவியரு மகளா? அந்த மனுசனும் இதைத்தான் சொல்லுவாரு. ‘வந்துக்கிட்டே இருக்கு மாப்ள, வந்துக்கிட்டே இருக்கு’ன்னு." முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "கடைமடை நனையாம நடவு கூடாதப்பா. பொறுங்க."

பொறுத்தார்கள். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முத்துவீரன் சொன்னான்: "உக்காந்துட்டாக்கா. மாலையோட உக்காந்துட்டா. எல்லாரும் சும்மா நிக்கிறீக. நடக்கட்டும்க்கா, மாமன் நான் சொல்றேன், நடக்கட்டும்."

மேளம் மறுபடி முழங்கியது. பெண்கள் குலவையிட, மூன்று முடிச்சும் விழுந்தன. அரிசியை எறிய ஓங்கிய கைகளைப் பார்த்து அக்கம்மாள் கத்தினாள். "போடாதீக! எந்தம்பி பாத்தேன்னு சொல்லட்டும்!" ஜெபராணி காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு கையை உயர்த்தினாள், மடையில் நின்று ‘இரு’ என்று காட்டும் நீர்பாய்ச்சி மாதிரி. மேளம் ஓய்ந்தது. நல்லகண்ணு முதல் சமையல்காரர் வரை அத்தனை பேரும் அரிசியைக் கையில் மூடிக்கொண்டு நின்றார்கள். அரிசியின் மஞ்சள் வேர்த்த உள்ளங்கையில் ஒட்டியது.

அப்போது, அடித்து ஓய்ந்த அவர்களுடைய அதே மேளம், மெல்லிசாகப் போனுக்குள்ளிருந்து கேட்டது. உலகத்தைச் சுற்றிக் கடைமடைக்குப் போய்விட்டுக் குரலாகத் திரும்பி வந்தது. அதே குலவை. வயசான நாதஸ்வரக்காரர் தன் சீவாளியை எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பின்னால் கிரேன் ஓட்டுகிற ஒரு மனிதனின் விம்மல் வந்தது.

"பாத்துட்டேன்க்கா. மூணு முடிச்சும் பாத்துட்டேன்."

ஜெபராணியின் கை இறங்கியது. அரிசி பெய்தது. லேப்டாப்பில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, மஞ்சள் கட்டமாகச் சிதறியது. அவள் அதை எட்டிப் பார்த்து, "ஒடையட்டும்," என்றாள்.

ஜெபராணி இப்போதும் சின்னமனூரில்தான் இருக்கிறாள். முகூர்த்த நாளில் போனால் சென்டர் பூட்டியிருக்கும். ஏதாவது ஒரு மண்டபத்தில், காமிராவுக்குப் பக்கத்தில், ஒரு கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருப்பாள்.