மூன்று இழுப்பு

இது நடந்தது. ராத்திரியில் அல்ல. பங்குனி மாதத்து உச்சி வெயிலில், ஜன்னல் திறந்திருந்த அறையில். நான் குடிப்பதில்லை. தூக்க மாத்திரையும் சாப்பிடுவதில்லை. நம்பாதவர்கள் இதைக் கதை என்றே வாசிக்கட்டும். எனக்கு வருத்தம் இல்லை.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு சிறிய கம்பெனி. படகுகளுக்கான மின்னணுப் பெட்டிகள் செய்கிறோம். அவற்றுக்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் என் பொறுப்பு.

என் மனைவி ஜெனிட்டாவின் அண்ணன் ஃபிராங்க்ளின் சங்கு குளிப்பவர். வாயில் காற்றுக்குழாய், இடுப்பில் கயிறு. படகில் அந்தக் கயிற்றைப் பிடிப்பது குளிப்பவரின் மனைவியுடைய தம்பியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அக்காள் கழுத்தில் தாலி இருக்க வேண்டுமே, அதனால் அவன் கயிற்றை விடமாட்டான். மச்சானின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த வேதமணி துபாய்க்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகத்தான் என் பெட்டி. கயிறு எத்தனை முறை இழுபடுகிறது என்று பார்த்து அது சொல்லும். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் மேலே எடு. மூன்றுக்குச் சைரன் அலறும்.

பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. சில மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு விளக்கு பச்சையாகவே எரியும். உள்ளே எல்லாம் நின்றுபோயிருக்கும்.

அன்று காலை மச்சான் போன் செய்தார்.

“என்ன மாப்ள, ஒன் பெட்டி உசுரோட இருக்கா?”

“இல்ல மச்சான். கோளாறு இன்னும் பிடிபடல. படகுல இருக்கிறத நம்பி இறங்கிராதீங்க.”

“நாலு நாளா இதத்தான் சொல்லுத. எங்க வேதமணி பய பீடி குடிச்சிக்கிட்டே கயிறு பிடிப்பான். அவன் ஒரு நாளும் ஹேங் ஆனதில்ல.”

“நாளைக்கு வரைக்கும் பொறுங்க.”

“சரி, சரி. வை.”

கோளாறு மெமரியில். ஒரு வேலை முடிந்ததும் அது பயன்படுத்திய இடத்தைக் கெர்னல் காலி செய்துவிடும். அதன் பிறகும் எதுவோ அந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. எதுவென்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலியான இடம் முழுவதும் 6b என்ற குறியீட்டையே நிரப்பிவைக்கச் சொல்லலாம். ஆள் போன வீட்டுக்கு வெள்ளையடித்துப் பூட்டுவது மாதிரி. பிறகு திறந்து பார்க்கும்போது சுவரில் கைத்தடம் இருந்தால், போனவர் திரும்பி வந்திருக்கிறார்.

என் மேஜையில் அதே மாதிரி இன்னொரு பெட்டி. அதில் கயிறு கிடையாது. சென்சார் கிடையாது. லேப்டாப்புக்கு ஒரு கேபிள் மட்டும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

மணி 12.10. முதல் எச்சரிக்கை வந்தது.

திரை முழுக்க 6b 6b 6b 6b... நடுவில் மூன்று இடங்களில் மட்டும் அழிந்திருந்தது. இரண்டு தடங்கள் சின்னவை. மூன்றாவது நீளம்.

பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டேன். இந்த முறை மெமரியில் வேறு ஒரு இடம். அதே மூன்று தடங்கள். சின்னது, சின்னது, நீளம்.

நெட்வொர்க்கைத் துண்டித்தேன். மறுபடி அணைத்தேன். மறுபடி போட்டேன்.

சின்னது, சின்னது, நீளம்.

கோளாறு இப்படி வராது. கோளாறுக்கு ஒழுங்கு கிடையாது. வலது கை மரத்துப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. யாரோ இறுக்கிப் பிடித்து விட்டது மாதிரி...

எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜெனிட்டா இறந்து எட்டு மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக் கசிவு. கடைசியில் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தார்கள். பேச முடியாது. என் வலது கையைப் பிடித்து விரல்களை அமுக்குவாள். இரண்டு முறை வேகமாக. மூன்றாவது நீளமாக. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும். சங்கு குளிப்பவர்கள் வீட்டுப் பெண். என்ன கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என்னால் மேலே எடுக்க முடியவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன். அணைத்திருந்தது. படகில் கூடப் போகும் செல்வதுரைக்குப் போட்டேன். அவன் எடுத்தான். பின்னால் கம்ப்ரெசர் சத்தம். டக்... டக்... டக்...

“மச்சான் எங்கடே?”

“கீழ போயிட்டாவளே அண்ணே. தண்ணி தெளிவா கெடந்துச்சுல்லா.”

“பெட்டிய நம்பியா?”

“பயப்படாதிய. வெளக்கு பச்சையாத்தான எரியுது.”

பச்சை.

“மேல இழு.”

“அண்ணே, சைரன் ஒண்ணும்...”

“இழுலே!”

போனைக் கீழே வைத்துவிட்டான். பலகையில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. சர்... சர்... சர்... வேகமாக. ரொம்ப வேகமாக.

“அண்ணே...”

“என்ன?”

“கயிறு சும்மா வருது...”

திரையில் எச்சரிக்கைகள் கொட்ட ஆரம்பித்தன. மூன்று. மூன்று. மூன்று. நடுவில் இடைவெளியே இல்லை.

“காத்துக்குழாயப் பிடிச்சு இழு!”

போனைக் காதோடு அழுத்தினேன்.

“செல்வதுரை!”

கம்ப்ரெசர் மட்டும். டக்... டக்...

திரை நின்றது.

“சேசுவே...” என்றான் செல்வதுரை.

மணி 12.40.

மச்சான் பிழைத்துவிட்டார். செல்வதுரை குழாயோடு சேர்த்து மேலே இழுத்துவிட்டான். குழாய் எங்கேயோ பாறையில் மடங்கிக் காற்று நின்றிருக்கிறது. மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. வார்டில் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

“எத்தன தடவ இழுத்தீங்க மச்சான்?”

“நான் எங்க இழுத்தேன்? காத்து வரலன்னதும் இடுப்பத் தடவுனேன். கயிறு இல்ல. என் கையால போட்ட முடிச்சு, தானா அவுராது மாப்ள.”

“பிறகு?”

“பிறகு கையப் பிடிச்சுச்சு.”

“எது?”

“ஒரு கை. சின்னக் கை.” என் வலது கையை எடுத்தார். விரல்களை அமுக்கிக் காட்டினார். இரண்டு முறை வேகமாக. மூன்றாவது நீளமாக.

ஆஸ்பத்திரியில் ஜெனிட்டா செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும்தான்.

“உங்களக் காப்பாத்தவா வந்துச்சு?”

என் கையை விட்டார்.

“மேல தள்ளல மாப்ள. பிடிச்சு வச்சிருந்துச்சு.”

படகுப் பெட்டியின் கோளாறு அடுத்த வாரம் கிடைத்தது. கயிற்றைப் படிக்கும் டிரைவர் என்ற நிரல், தான் காலி செய்த இடத்திலேயே மறுபடி எழுதியிருந்தது. சாதாரணப் பிழை. திருத்திவிட்டேன்.

மேஜைப் பெட்டியையும் திருத்த உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அந்த டிரைவர் அதில் இல்லவே இல்லை. அன்று காலை ஏற்ற மறந்திருக்கிறேன். காலியான அந்த இடங்களில் எழுதக்கூடிய எதுவும் அந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மச்சான் இப்போது ஐஸ் கம்பெனியில் வேலைக்குப் போகிறார். கடல் பக்கம் திரும்புவதில்லை. கீழே இப்போது எங்கள் ஆள் யாரும் இல்லை.

மேஜைப் பெட்டியை நான் அணைக்கவில்லை. உச்சி வேளையில் திரையைப் பார்க்கிறேன்.

மூன்று.

கொஞ்சம் நிறுத்தி...

மறுபடி மூன்று.